ஷெட்டில் சொல்லாத மோதல்

மாமாவை நினைத்தால் அவருடைய வலது கைதான் முதலில் கண்முன் வருகிறது. கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரிக் கட்டிலில், மாவுக்கட்டுக்கு வெளியே இரண்டு விரல்கள் மட்டும் கறுத்து வீங்கித் தெரிந்தன. ஸ்டீயரிங் பிடித்துப் பழகிய அந்தக் கை அப்படி ஆனதற்கு நான்தான் காரணம்.

மாமா என் அக்காவின் கணவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நாங்கள் இருவரும் ஓசூரில் ஒரே லாரி ஷெட்டில் டிரைவர்கள். மண்ணெண்ணெய் டின்களையும் சர்க்கரை மூட்டைகளையும் கெலமங்கலம், உத்தனப்பள்ளிப் பக்கத்துக் கடைகளில் இறக்குவது வேலை. சின்ன உரசலாக இருந்தாலும் வந்து சொல்லிவிட வேண்டும் என்பது மானேஜர் போட்ட சட்டம். சொன்னவனுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் அவரே காட்டினார். ஒரு சுவரில் மட்கார்டை உரசிவிட்டு வந்து உண்மையைச் சொன்ன டிரைவரை, எங்கள் எல்லோர் முன்னாலும் இடுப்பு பெல்ட்டைக் கழற்றி விளாசினார். பெல்ட்டின் இரும்புக் கொக்கி பட்டு அவன் காது மடல் கிழிந்தது. சட்டை ரத்தத்தில் நனையும்வரை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு அந்த ஷெட்டில் யாரும் எதையும் சொல்லவில்லை.

கிழிந்த அந்தக் காதுதான் எப்போதும் என் நினைவில் இருந்தது. ஒரு நாள், கெலமங்கலத்தைத் தாண்டி ஒரு சிற்றூர் வளைவில், புல்லுக்கட்டோடு வந்த பெரியவர் மீது என் லாரியின் பக்கவாட்டுப் பலகை தட்டியது. கீழே விழுந்தவர் தானாகவே எழுந்தார். நான் சீட்டிலிருந்து இறங்கவில்லை. தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். விலாவைப் பிடித்துக்கொண்டு, "ஏமி லேது, நுவ்வு போ" என்றார். ஒன்றுமில்லை, நீ போ என்று அவரே தெலுங்கில் சொல்லிவிட்டார் என்று என்னைத் தேற்றிக்கொண்டு கிளம்பினேன். ஷெட்டில் வாய் திறக்கவில்லை.

பெரியவர் மறுநாள் விடியலில் இறந்துபோனார். அன்று என்னை வேறு பக்கம் அனுப்பிவிட்டு, என் லாரியை மாமாவிடம் கொடுத்தார்கள். ஊர்க்காரர்களுக்கு டிரைவர் முகம் தெரியாது, வண்டி தெரியும். அதே வளைவில் கல்லெறிந்து கண்ணாடியை உடைத்து, மாமாவை முடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்கள். "எதுக்கு அடிக்கிறீங்க, அத சொல்லிட்டு அடிங்க" என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். தலையை மறைக்கத் தூக்கிய கையில்தான் மாட்டுவண்டி நுகத்தடி திரும்பத் திரும்ப இறங்கியது. எலும்பு நொறுங்கிய பிறகும் இரண்டு அடி விழுந்தது.

ஆஸ்பத்திரியில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி: "நேத்து நீதான ஓட்டுன. எதுனா ஆச்சாடா?"

"ஒண்ணும் ஆவல, மாமா."

பெரியவர் மீது மோதியது என் கைத்தவறு. இந்தப் பொய் கைத்தவறு அல்ல.

மூன்றாம் நாள் போலீஸ் விசாரணைக்கு வந்தது. மானேஜர் என்னைத் தனியாக அழைத்தார். "ரெண்டு நாளும் உங்க மாமாவே ஓட்டுனதா சொல்லிடு. அவன்தான் அடிபட்டுக் கெடக்கறான, அதோட முடிஞ்சிரும்" என்றார். அப்போதுதான் என் வாய் திறந்தது. "நான்தான் ஓட்டுனேன். பெரியவர இடிச்சதும் நான்தான்." பெல்ட் என் முகத்திலும் முதுகிலும் விழுந்தது. நான் தடுக்கவில்லை. ரத்தம் காய்வதற்குள் மாமாவிடம் போய் அதே வார்த்தைகளைச் சொன்னேன்.

அவர் இடது கையால் என் கன்னத்தில் அறைந்தார். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். அப்புறம் மாமா மெல்லச் சொன்னார். "நானும் ரெண்டு தடவ இடிச்சிட்டுச் சொல்லாம உட்டிருக்கேன். எனக்கு யாரும் சாவல. அவ்ளோதான்டா வித்தியாசம்."

நான் ஸ்டேஷனுக்குப் போய் ஒப்புக்கொண்டு சிறை சென்றேன். மாமா அதற்குப் பிறகு லாரி ஓட்டவே இல்லை.

ஓசூரில் கம்பெனிகள் வந்த காலத்தில், சரக்கு வேன்களை அனுப்பும் ஓரிடத்தில் நான் மேற்பார்வைக்கு இருந்தேன். "பெயிண்ட் போனதுக்குக் கூடவாண்ணா சொல்லணும்?" என்று டிரைவர்கள் கேட்பார்கள். சொல்லத்தான் வேண்டும் என்பேன். ஆனால் கேட்கிறவன் கை ஓங்கினால், சொல்லும் வாய் அடைத்துப் போகும் என்பதையும் நான் பார்த்தவன்.

ஒரு நாள் மத்தியானம் ஒரு டிரைவர் என் முன்னால் வந்து நின்றான். காலையில் ஒரு சைக்கிள்காரரைத் தட்டிவிட்டதாகவும், பயத்தில் நிற்காமல் வந்துவிட்டதாகவும் சொன்னான். எனக்குத் தெரியாமலே என் கை உயர்ந்துவிட்டது. அடி விழும் என்று அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது. அந்த ஒரு நொடியில் நான் அந்தப் பழைய மானேஜராகத்தான் நின்றிருந்தேன்.

கையை இறக்கினேன்.

"எந்த எடம்னு சொல்லு. வண்டிய எடு, ரெண்டு பேரும் போய் அந்த ஆளப் பாக்கலாம்" என்றேன்.