சூடு பட்ட நீலக்கல்

என்கிட்ட வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் கேக்குற முதல் கேள்வி, இந்தக் கல்லு எனக்கு ராசியாங்கறதுதான். வேலூர்ல ஒரு நகைக்கடைக்கு மேல, மாடி ரூம்ல மைக்ராஸ்கோப்பை வெச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். கல்லு அசலா போலியா, அசல்னா அதுக்கு என்னென்ன வேலை பார்த்திருக்காங்க, எந்த ஊர் மண்ணுல வெளைஞ்சதுன்னு பார்த்து எழுதிக் குடுக்கறது என் பொழப்பு. ராசி வேணும்னா ஜோசியரைப் போய்ப் பாருங்கன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிடுவேன். எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி. என்னைக் கட்டிக்கிட்டவரைக் கேட்டா கொஞ்சம் இல்லைம்பார்.

கல்லுக்கு வேலை பார்க்கறதுல பல தினுசு இருக்கு. மாணிக்கத்துல விரிசல் இருந்தா கண்ணாடியை உருக்கி ஊத்தி அடைப்பாங்க. மரகதத்துக்கு எண்ணெய் ஏத்துவாங்க. நீலக்கல்லை உலையில வெச்சு வாட்டுவாங்க. பால் கலந்த மாதிரி மங்கலா இருக்கறது அந்தச் சூட்டுல தெளிஞ்சு நீலம் எடுத்துக்கும். உலகம் பூரா நடக்கறதுதான், சொல்லி வித்தா அதுல ஒரு தப்பும் இல்லை. ரிப்போர்ட்ல அதுக்கு நான் இங்கிலீஷ்ல ஒரே வார்த்தைதான் எழுதுவேன், ஹீட்டட்னு. அந்த ஒத்தை வார்த்தை ஆம்பூர்ல ஒரு கல்யாணத்தையே நிறுத்தும்னு எனக்கு இன்னா தெரியும்?

ஆம்பூர்ல தோல் மண்டி வெச்சிருக்கற பாய் ஒருத்தர் ஒருநாள் நீலக்கல் மோதிரம் கொண்டாந்தார். மகளுக்கு நிச்சயத்தப்போ மாப்பிள்ளையோட அம்மா போட்டதாம். விரலுக்கு லூசா இருக்கு, சின்னதாக்கணும்னார். கல்லு வெச்ச மோதிரத்துல கை வைக்கறதுக்கு முன்னாடி கீழ கடைக்காரர் என்கிட்ட அனுப்பிடுவார், நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாதுன்னு. பார்த்தேன். அசல் நீலம். உள்ள இருக்கற குறிகளைப் பார்த்தா சிலோன் கல்லுன்னு தோணுச்சு. சூடு பட்டிருந்துச்சு. அப்படியே எழுதிக் குடுத்தேன். வாங்கிப் படிச்ச பாய்க்குச் சிரிச்ச முகம் செத்துப்போச்சு. ஹீட்டடான்னு ஒருவாட்டி கேட்டார், ஆமாம் பாய்னேன். மோதிரத்தைச் சின்னதாக்காமயே எடுத்துட்டுப் போய்ட்டார். நானும் அடுத்த கல்லைப் பார்க்க ஆரம்பிச்சு அதோட மறந்துட்டேன்.

கொஞ்ச நாள் கழிச்சு மாப்பிள்ளையோட அம்மா படியேறி வந்தாங்க. ஷூ கம்பெனியில தையல் மெஷின்ல வேலை, வீட்டுக்காரர் தவறிட்டார். மோதிரமும் என் ரிப்போர்ட்டும் ஒரே கவர்ல திரும்பி வந்திருக்கு, கல்யாணத்தை யோசிச்சுச் சொல்றோம்னு ஒரு வார்த்தையோட. பையன் அந்தப் பொண்ணைத்தான் கட்டுவேன்னு சரியா சாப்பிடாம சுத்திட்டிருக்கானாம். அந்த மோதிரம், கல்யாணமான புதுசுல அவங்க வீட்டுக்காரர் கொழும்புக்கு லுங்கி யாவாரத்துக்குப் போனப்போ வாங்கியாந்தது. மருமகளுக்குப் போடற வரைக்கும் அவங்க கையை விட்டுக் கழட்டினதே இல்லையாம். சண்டைக்கு வந்திருந்தாலும் நான் சமாளிச்சிருப்பேன். அவங்க குரலையே உசத்தலை.

"அவர் எனக்குக் கெட்ட கல்லையா போட்டு வெச்சிருந்தார்?"ன்னு மட்டும் கேட்டாங்க.

எனக்குச் சுர்ருனு ஏறிடுச்சு. நல்ல கல்லும்மா, தங்கமான கல்லுன்னு சொன்னா அவங்களுக்கு நம்பிக்கை வரலை. எழுதினது நான்தானே. மோதிரத்தை என்கிட்ட குடுத்துட்டுப் போங்க, நான் போய்ப் பேசறேன்னேன்.

மறுநாள் காலையில ஆம்பூர் பஸ். விரிஞ்சிபுரம் தாண்டறதுக்குள்ள அந்த பாயை நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கறதுக்கு மனசுக்குள்ள ஒத்திகை முடிஞ்சிடுச்சு. புரியலைன்னா ஒரு போன் பண்ணிக் கேக்கறதுக்கென்ன, கேக்காமயே ஒரு விதவைப் பொம்பளையை அழவெச்சா நல்லா இருப்பீங்களான்னு.

மண்டியில உப்பும் பச்சைத் தோலும் சேர்ந்து மூக்கைத் துளைச்சுது. ஓரமா ஒரு டேபிள்ல பாயோட மக, அந்த நிச்சயமான பொண்ணு, கம்ப்யூட்டர்ல பில்லு போட்டுட்டிருந்தா. பாய் என்னைப் பார்த்ததும் எழுந்து, ஃபேனுக்கு நேரா சேர் போட்டு உக்கார வெச்சு, சோடா வாங்கியாரச் சொன்னார். பாதிக் கோபம் அங்கயே போச்சு. மீதியை வெச்சிக்கிட்டுக் கேட்டேன், ஹீட்டட்னா இன்னான்னு நினைச்சீங்க பாய்னு. அவர் உள்ள போய் அடுக்குல இருந்து ஒரு ஆட்டுத் தோலை இழுத்தாந்து என் முன்னாடி விரிச்சார். பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. கட்டைவிரலால லேசா தேய்ச்சார். முடி கொத்தாக் கையோட வந்துடுச்சு. உப்பு பத்தலைன்னா அடுக்கின தோல் தானா சூடாயிடுமாம். வெளிய ஒண்ணும் தெரியாது, உள்ள அழுகிட்டிருக்கும். தோல் யாவாரத்துல ஹீட்டட்னா அதுதான், தூக்கித் தனியாப் போட வேண்டியது.

அடக் கடவுளே. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதையா, நான் எழுதின வார்த்தைக்கு இந்த ஊர்ல அழுகல்னு அர்த்தம்!

இது வேற சூடு பாய்னு சொன்னேன். உலையில வெச்சு வாட்டறது, கெட்ட கல்லா இருந்தா அந்தச் சூட்டுக்கே வெடிச்சுச் செதறியிருக்கும், இது தாங்கி நின்னு நெறம் எடுத்த கல்லுன்னேன். கேட்டுத் தலையாட்டினார். ஆனா முகம் தெளியலை. மகளை ஒருவாட்டி திரும்பிப் பார்த்துட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மொதல்ல கட்டிக் குடுத்த எடத்துல அடி தாங்காம திரும்பி வந்த பொண்ணும்மா அது. கெட்டதுக்குக் கெட்டது போதும்னு குடுத்துட்டாங்களோன்னு நினைச்சிட்டேன்."

அவர் தாழ்த்தின குரல் அவளுக்குக் கேட்டுடுச்சு. கீபோர்ட் சத்தம் நின்னுபோச்சு. ஒத்திகை பார்த்து வெச்ச நாலு கேள்வியையும் அங்கயே விட்டுட்டேன். பெத்தவரோட பயத்துக்கு நான் எந்த மைக்ராஸ்கோப்பை வெச்சு ரிப்போர்ட் எழுதறது? பாவம் மனுஷன். அந்தப் பொண்ணை நிமிர்ந்து பார்க்கவே எனக்குக் கஷ்டமா இருந்துச்சு.

பையில இருந்த லென்ஸை எடுத்து, நீங்களே பாருங்க பாய்னு மோதிரத்தோட குடுத்தேன். வெளிச்சத்துக்குப் போனார். ஆட்டுத் தோலைத் தடவிப் பார்த்தே இது எந்தப் பக்கத்து ஆடுன்னு சொல்ற ஆள், கல்லுக்குள்ள பார்க்கறது இதான் முதல் தடவை. லென்ஸைக் கண்ணுக்குப் பக்கத்துல கொண்டு போங்கன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. ரொம்ப நேரம் பார்த்தார். உள்ள கைரேகை மாதிரி ஒண்ணு தெரியுதே இன்னாம்மா அதுன்னார். கல்லு மண்ணுக்குள்ள இருந்தப்போ எப்பவோ விரிசல் விட்டிருக்கு, அப்புறம் அங்கயே தன்னால கூடிடுச்சு, அந்தத் தடம்தான் அதுன்னேன். எங்களுக்கு அது பழகின விஷயம், அசல் கல்லுங்கள்ல நிறையப் பார்ப்போம். அவர் லென்ஸைக் கண்ணுல இருந்து எடுக்கலை.

"ஆறின காயம்"னார். "முள்ளுல கிழிச்சிக்கிட்ட ஆட்டுத் தோல்லயும் இப்படி இருக்கும்மா. பச்சைக் காயம்னாதான் எங்களுக்கு நஷ்டம். ஆறின காயத்துக்கு நாங்க தோலைக் கழிக்க மாட்டோம். ஆடு பொழச்சு வந்துச்சுன்னு அர்த்தம்."

சொல்லி முடிச்சதும் அவர் சொன்னது அவருக்கே கேட்டுதோ என்னவோ, லென்ஸைக் கீழ எறக்கிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார்.

மக எழுந்து வந்தா. மோதிரத்தை அவர் கையில இருந்து எடுத்துத் தன் விரல்ல போட்டுக்கிட்டா.

"அத்தா, இப்ப சொன்னீங்களே, அதையே அக்காவை ஒரு ரிப்போர்ட்டா எழுதித் தரச் சொல்லுங்க. என் பேர்ல."

சிரிச்சிக்கிட்டேதான் சொன்னா. பாய் தொப்பியைக் கழட்டி அதாலயே கண்ணைத் துடைச்சார். எனக்கும் அழுகை வந்துடுச்சு, மறைக்க ஒண்ணும் இல்லை. அப்புறம் பாய் போனை எடுத்து மாப்பிள்ளையோட அம்மாவைக் கூப்பிட்டார். எடுத்த எடுப்புல சம்பந்தியம்மான்னார். அதுக்கு மேல அவருக்குப் பேச்சு வரலை, போனை என் கையில குடுத்துட்டார். வாய் ஜாஸ்தின்னு ஊரெல்லாம் பேர் வாங்கினவ நான், எனக்கும் வரலை. அந்தப் பக்கம் அவங்க ஹலோ ஹலோங்கறாங்க. கடைசில மகளே வாங்கிப் பேசினா.

"மாமி, மோதிரம் வந்துடுச்சு. கொஞ்சம் லூசா இருக்கு. கடைக்கெல்லாம் இனிமே அனுப்ப வேணாம், நான் நூல் சுத்திப் போட்டுக்கறேன்."