பேஸ்ட் தேய்த்த ஐந்து ரூபாய்

“வீட்ல சின்னக் கொழந்த இருக்குதுங்களா? வாயில போட்டுக்கற வயசா? அப்ப யோசிச்சுச் சொல்றேங்க.” போனை வைத்துவிட்டு, “ஆளு சரியில்ல” என்கிறார் சூசை. நாய்க்குட்டிக்கு வீடு தேடுகிறார் என்றுதான் புதிதாகக் கேட்பவர்கள் நினைப்பார்கள். அவர் விற்பது நாணயம். அச்சில் பிசகிப்போனவற்றைக் கடைக்காரர்களின் சில்லறை டப்பாக்களில் துழாவி வாங்கி, பேஸ்புக் குழுவில் படம் போட்டு லாபத்துக்கு விற்கிறார்.

ஒசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் அவருக்குச் சோதிக்கும் வேலை. பகல் முழுக்கப் பிசகிய பாகங்களைப் பொறுக்கிச் சிவப்புத் தொட்டியில் போடுகிறார். “கம்பெனில கோணலா வந்தா ரிஜெக்ட்டு. கவருமென்ட் கோணலா அடிச்சா ரேட்டு” என்பார், சிரிக்காமல்.

மத்திகிரியில் எங்கள் பக்கத்து வீடு. அவர் மனைவி அனிட்டா இட்லி மாவை எங்கள் பிரிட்ஜில்தான் வைக்கிறாள். நாணயம் விற்ற லாபத்தில் அவர்களுக்கென்று ஒரு பிரிட்ஜ் வாங்குவதாக ஏற்பாடு. பணமும் ஓரளவு சேர்ந்திருந்தது.

போன மாதம் ஒரு ஐந்து ரூபாயை ஜெகதீஷ் என்ற பெங்களூர்க்காரருக்கு நாலாயிரத்துக்கு விற்றார். சிங்க முத்திரை ஒரு பக்கமாக நகர்ந்து, மறு ஓரம் பிறை போல வெறுமையாக இருக்கும் நாணயம். விற்ற சில நாட்களில் போன் செய்து நலம் விசாரிப்பது சூசையின் வழக்கம்.

“சக்கத்தாகிதெ சார், சூப்பரா இருக்கு!” என்றார் ஜெகதீஷ். “பேஸ்ட் போட்டு நல்லாத் தேச்சேன். புதுசு மாதிரி மின்னுது.”

சூசை தரையில் உட்கார்ந்துவிட்டார். தேய்த்த நாணயத்தைச் சேகரிப்பவர்கள் சீந்தமாட்டார்கள். பழைய நிறம் போனால் விலையும் போயிற்று. ஆனால் நட்டம் ஜெகதீஷுக்குத்தானே? அனிட்டா அதைத்தான் சொன்னாள். “அவுரு காசு, அவுரு தேய்க்கறாரு. நீங்க ஏன் சட்டையப் போடறீங்க?”

“அடுத்து புளி போட்டுத் தேய்ப்பான்மா” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

திருப்பித் தர ஜெகதீஷ் எட்டாயிரம் கேட்டார். எல்லை தாண்டி ஓடி வந்தவனிடம் எவ்வளவு கேட்கலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. விலையைக் குறைக்க ஒரே வழி, இது கெட்டுப்போன நாணயம் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது. சூசையால் முடியவில்லை. “அத கையில வச்சுக்கிட்டே அதயே எப்படிங்க கொற சொல்றது?” என்று பிறகு என்னிடம் கேட்டார். எட்டாயிரத்தையும் போனிலேயே அனுப்பிவிட்டு ஊர் திரும்பினார்.

அன்று சாயங்காலம் அனிட்டா மாவுப் பாத்திரத்தோடு வந்தாள். “நாலாயிரத்துக்கு வித்து, எட்டாயிரத்துக்கு வாங்கிட்டு வந்திருக்காருக்கா. இதுக்குப் பேரு ஆன்லைன் பிசினஸ்ஸாம்” என்று என் மனைவியிடம் சொல்லிக்கொண்டே பிரிட்ஜைத் திறந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். சிரித்தாள். சிரித்து முடித்த பிறகுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சூசையின் போன் அவள் இடுப்பில் செருகியிருந்தது.

மறுநாள் காலை சூசை என்னைச் சென்னம்மா டீக்கடைக்குக் கூட்டிப் போனார். வீட்டில் டீ கிடைக்கவில்லை போலிருக்கிறது. இரண்டு டீ, ஒரு பன், முப்பத்தைந்து ரூபாய். நூறு ரூபாயை நீட்டினார்.

“காலங்காத்தால நூறு ரூவாயா? ஒரு அஞ்சு ரூவா இருந்தாக் குடுண்ணா, எழுபதாக் குடுத்தர்றேன்” என்றார் சென்னம்மா.

“இல்லம்மா.”

“ஏண்ணா, பாக்கெட்லதான் தெரியுதே, பளபளன்னு!”

சூசை சட்டைப் பையை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார். மீதியை வாங்காமலே கடையை விட்டு இறங்கி நடந்தார்.