மூன்று லட்சத்து ஆறாயிரத்து அறுநூறு

என் ஆண்டுச் சம்பளம் எவ்வளவு என்று என்னிடம் முதன்முதலில் கேட்டது ஒரு சிவப்பு நட்சத்திரம். தென்காசியில் புதிதாகத் திறந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பில்லிங் கவுண்டருக்கு ஆள் எடுத்தார்கள். விண்ணப்பம் செல்போனில்தான். பெயர், வயது, படிப்பு எல்லாம் போட்டு முடித்தேன். 'தற்போதைய ஆண்டுச் சம்பளம்' என்ற கட்டத்தின் பக்கத்தில் அந்த நட்சத்திரம் நின்றது. அதை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

எனக்கு ஆண்டுச் சம்பளம் கிடையாது, மாதச் சம்பளமும் கிடையாது. குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருந்தேன், மணிக்கு எழுபது ரூபாய். எங்கள் பக்கம் நாள் கூலி உண்டு, மாதச் சம்பளம் உண்டு. இந்த மணிக்கணக்கு, முதலாளியின் மகன் கனடாவிலிருந்து அனுப்பிவைத்த நாகரிகம். "அங்கன எல்லாம் மணிக்கணக்குதாம்மா. வேலை பாத்த நேரத்துக்குத் துட்டு. அதான் நியாயம்" என்று நான் சேர்ந்த அன்றே முதலாளி அண்ணாச்சி சொல்லிவிட்டார். கனடாவிலும் பெரிய அருவி இருக்கிறதாம். அங்கே தண்ணீர் கூடினால் ரிசப்ஷனில் இருப்பவளை வீட்டுக்கு அனுப்புவார்களா என்று கேட்க நினைத்தேன். வேலை வேண்டியிருந்ததால் கேட்கவில்லை.

ஏனென்றால் எங்கள் லாட்ஜில் அதுதான் சட்டம். மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்தால் போலீஸ் குளிக்கத் தடை போடும். ஒரு மணி நேரத்தில் அறைகள் காலியாகும், நானும் காலியாவேன். தண்ணீர் விழாவிட்டால் ஆளே வராது, எனக்கும் வேலை இராது. ஆக, என் பிழைப்பு நடக்க தண்ணீர் கூடவும் கூடாது, குறையவும் கூடாது. என் வீட்டு வாடகை மாதம் நாலாயிரத்து ஐநூறு. வீட்டுக்கார அம்மா ஒருநாளும் அருவியில் தண்ணீர் எப்படி என்று விசாரித்ததில்லை. ஒன்றாம் தேதி இன்ன தொகை வரும் என்று தெரிந்துகொண்டு மாதத்தைத் தொடங்க வேண்டும், அதற்காகத்தான் அந்த ஆஸ்பத்திரி வேலை எனக்கு வேண்டும்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் தம்பியைக் கூப்பிட்டேன்.

"யக்கா, இது ஒரு கணக்கா? எழுவது, பெருக்கல் எட்டு மணி நேரம், பெருக்கல் ஆறு நாள், பெருக்கல் அம்பத்திரண்டு வாரம். உலகம் பூரா இப்படித்தான் போடுதாங்க."

ஒரு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து எழுநூற்று இருபது வந்தது. இவ்வளவு சம்பாதிக்கிற பெண் யார், அவள் எந்தத் தெருவில் குடியிருக்கிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நான் வேலை பார்த்த நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அதை எடுத்துக் கூட்டினேன். சாரல் சீசனில் தினமும் பன்னிரண்டு மணி நேரம் வீதம் தொள்ளாயிரம் மணி. ஐயப்ப சாமிகள் வரும் சீசனில் நானூற்று நாற்பது. மீதி மாதமெல்லாம் சேர்த்து இருநூற்று எண்பது. பெருக்கினால் ஒரு லட்சத்துப் பதிமூன்றாயிரத்து நானூறு. உலகம் பூராவுக்கும் எனக்கும் அறுபதாயிரத்துச் சொச்சம் வித்தியாசம்.

உண்மையைத்தான் போட்டேன். நட்சத்திரம் மறைந்தது. அடுத்த பக்கத்தில், 'சம்பளத்துக்கு முதலாளியின் கடிதம் இணைக்கவும்' என்று இன்னொரு நட்சத்திரம்.

வேறு வேலைக்குப் போகிறேன் என்றால் அண்ணாச்சி கடிதம் தருவாரா? பேங்க் லோனுக்கு என்று பொய் சொன்னேன். அது ஜூலை மாதம். அறையெல்லாம் நிரம்பி, வாசலில் வேன்கள் நின்றன. அண்ணாச்சி முகத்தில் அப்படி ஒரு பெருந்தன்மை.

"தாராளமா தாரேன். நம்ம பிள்ள லோன் வாங்குது, கொறச்சுப் போட்டா நமக்குல்லா அசிங்கம்!" என்று கால்குலேட்டரை எடுத்தார். "பன்னெண்டு மணி நேரம் பாக்குதே. எழுவது ரூவா. வருசத்துக்கு முன்னூத்தி அறுவத்தஞ்சு நாள்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு ஜூலையில் கேட்டால் வருடம் முழுக்கச் சாரல்தான். மார்ச்சில் கேட்டிருந்தால் என் சம்பளத்தைப் பூஜ்யம் என்று எழுதியிருப்பார். திருத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கால்குலேட்டரில் மூன்று லட்சத்து ஆறாயிரத்து அறுநூறு வந்துவிட்டது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். சொல்லப்போனால் அந்தத் தொகை எனக்குப் பிடித்திருந்தது. அருவிப் படம் போட்ட லெட்டர்பேடில் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் குத்தினார். பிறகு அவரே ஒருமுறை படித்துப் பார்த்தார்.

"ஏம்மா, நான் உனக்கு மூணு லச்சமா குடுக்கேன்?"

"நீங்கதான் போட்டிய அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்து, உண்மைத் தொகையை அழித்துவிட்டு, கடிதத்தில் இருந்ததைப் போட்டு அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் பேசினார். மெட்ராஸ்காரர் பேச்சு. "மேடம், உங்க ப்ரொஃபைல் நல்லா இருக்கு. ஆனா இந்த வேலைக்கு வருஷத்துக்கு ஒரு லட்சத்து எண்பதாயிரம்தான். உங்களுக்குக் கட்டுப்படியாகாது."

"அதுவே போதும் சார்."

"மூணு லட்சம் வாங்குறவங்க இதுக்கு ஏன் மேடம் வரணும்? ரெண்டே மாசத்துல போயிடுவீங்க."

"சார், அது தப்பான கணக்கு. நான் அவ்வளவு வாங்கல."

"அப்போ லெட்டர் பொய்யா மேடம்?"

அவர் மரியாதையாக நன்றி சொல்லி வைத்துவிட்டார். உண்மையைப் போட்டிருந்தால் ஒரு லட்சத்து எண்பதாயிரம் வந்திருக்கும் என்று நினைத்து நினைத்து, இரண்டு நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரச் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்தவள், வாரச் சம்பளம் வாங்க அண்ணாச்சியிடம் போனேன். அண்ணாச்சி ரொம்ப யோசித்திருப்பார் போலிருக்கிறது.

"மூணு லச்சம்ங்கது கூடுதல்மா. மேனேஜருக்கே நான் அவ்வளவு குடுக்கல. இனிமே மணிக்கு அறுவதுன்னு வச்சுக்கிடுவோம்."

நோட்டை அவர் மேஜைமேல் விரித்து, கூட்டிய தொகையைக் காட்டினேன். ஒரு லட்சத்துப் பதிமூன்றாயிரத்து நானூறு. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார்.

"இது நீ எழுதுனது. அது நான் எழுதுனது. கையெழுத்து, சீல் எல்லாம் இருக்குல்லா?"

சொல்லி முடிக்கவில்லை, தண்ணீர் வளைவைத் தாண்டிவிட்டது, தடை போட்டுவிட்டார்கள் என்று வாட்ச்மேன் வந்து சொன்னார். அறைக்காரர்கள் பைகளோடு இறங்க ஆரம்பித்தார்கள். "சரிம்மா, நீ கெளம்பு" என்றார் அண்ணாச்சி. மணி பதினொன்று. அன்றைய கணக்கு மூன்று மணி நேரம், அறுபது வீதம் நூற்றெண்பது ரூபாய்.

தென்காசி டவுன் பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட்டைக் கிழித்து நீட்டினார். மூன்று லட்சத்து ஆறாயிரத்து அறுநூறு சம்பாதிக்கிறவள் அதை வாங்கி, நோட்டுக்குள் வைத்துக்கொண்டு, அழுதுகொண்டே வந்தேன்.