ரோசிக்கு நான் கொடுத்த ஹைஹீல்ஸ்

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் செக்கர். சனிக்கிழமை மாலைகளில் வேலூரில் ஓர் ஓட்டலில் கேபரே நிகழ்ச்சி நடத்துகிறேன். மிமிக்ரி, பாட்டு, கேசட் போட்டு நடனம் எல்லாம் உண்டு. ஆடுபவள் ரோசி. பகலில் அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் டைப்பிஸ்ட்.

சென்ற வருடம் ஒருநாள், ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸுக்கு ஓடும்போதுதான் ரோசி புது ஹைஹீல்ஸ் கேட்டிருந்தது நினைவுக்கு வந்தது. குதிகால் ஆடுகிறது என்று அன்று காலை நானே ரிஜெக்ட் செய்த ஜோடி ஒன்றைச் சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

போட்டுப் பார்த்த ரோசி, "அண்ணே, ஹீல் ஆடுற மாதிரி இருக்குதே" என்றாள்.

"எக்ஸ்போர்ட் மாலு. ஒண்ணும் ஆவாதும்மா" என்றேன்.

இரண்டாவது பாட்டிலேயே குதிகால் கழன்று, மேடையிலிருந்து கீழே விழுந்தாள். ஸ்பீக்கர் பெட்டியின் இரும்பு முனைக்கும் அவள் நெற்றிக்கும் ஒரு சாண் இடைவெளிதான் இருந்தது. நல்லவேளை, கணுக்கால் வீக்கத்தோடு போயிற்று.

ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது ரோசி கேட்டாள். "கம்பெனியில இத பாஸ் பண்ணீங்களாண்ணே?"

"இல்லம்மா."

"அப்ப எனக்கு மட்டும் இன்னாத்துக்கு பாஸ் பண்ணீங்க?"



இப்போதெல்லாம் எவ்வளவு அவசரத்தில் வந்தாலும், ஆடுவதற்கான செருப்பைக் கம்பெனி மேஜையில் பார்ப்பதுபோலவே குதிகாலை முறுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன். ரோசி வாங்கிக்கொள்கிறாள். பிறகு அவளும் ஒருமுறை முறுக்கிப் பார்க்கிறாள்.