ஜூம் இல்லாத லென்ஸ்

ஜெர்மனியில் நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு கிண்டர்கார்டன் இருக்கிறது. பிள்ளைகள் விளையாடும் படங்களை அதன் கண்ணாடிக் கதவில் ஒட்டி வைப்பார்கள். பாதிப் படங்களில் முகத்துக்கு மேல் மஞ்சள் வட்டக் காகிதம் இருக்கும். பெற்றவர்கள் சம்மதிக்காமல் ஒரு குழந்தையின் முகத்தை ஊருக்குக் காட்டக்கூடாதாம். எங்கள் சித்தூரில் கதையே வேறு. ஒரு வயது நிறைந்தால் போதும், பிள்ளைக்கு ராஜகுமாரி வேஷம் போட்டு, கீழே மாமன் சித்தப்பன் முகங்களை வரிசையாக அடுக்கி, முச்சந்தியில் பிளெக்ஸ் கட்டிவிடுவார்கள். என் மகள் பெனிட்டாவுக்கும் கட்டினார்கள். அதை நான் போனில்தான் பார்த்தேன். மூலையில் என் முகமும் இருந்தது, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த படம்.

பெனிட்டா பத்து மாதக் குழந்தையாக இருந்தபோது அவளை என் அக்கா சுகந்தியிடம் விட்டுவிட்டு நர்ஸ் வேலைக்கு இங்கே வந்தேன். அதற்கு முன்பு திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. சித்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். கணவர் குவைத்தில் இருக்கிறார். ஆறு மாதத்தில் குழந்தையைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துத்தான் விமானம் ஏறினேன். வந்த பிறகுதான் தெரிந்தது, பிள்ளையைக் கூப்பிட அதற்கேற்ற வீடு வேண்டும், வீட்டுக்கு அதற்கேற்ற சம்பளம் வேண்டும், அந்தச் சம்பளத்துக்கு இன்னொரு பரீட்சை எழுத வேண்டும். இந்தக் கதை என்னைப் போல வந்தவர்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஊரில் இருப்பவர்களோ சொன்னாலும் நம்பமாட்டார்கள். இப்போது பெனிட்டாவுக்கு மூன்று வயது.

அக்கா போனில் அனுப்பும் படங்களில் ஒன்றாவது தெளிவாக இருக்காது. கவுனின் நுனி, ஒரு காது, பறக்கும் முடி. அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரே ஜன்னல், அதுவும் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்தபடி. பிள்ளையின் இமை முடிகூடத் தெரியும்படி ஒரே ஒரு படம் எனக்கு வேண்டும் என்று ஆசை பிடித்துக்கொண்டது. ஊருக்குப் போக மூன்று வாரம் லீவு கிடைத்ததும், பழைய கேமரா விற்கும் கடைக்குப் போய் ஒரு மிரர்லெஸ் கேமராவுக்குச் சொல்லிவைத்தேன். கேமரா வாங்கினால் லென்ஸ் கூடவே வரும் என்று நினைத்திருந்த ஆள் நான். லென்ஸ் தனி, விலையும் தனி. டிக்கெட் எடுத்தது போகக் கையில் மிஞ்சியதற்கு ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும்.

கடைக்காரர் மேஜையில் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று சின்ன ஜூம் லென்ஸ். கிட்டேயும் வரும், கொஞ்சம் எட்டவும் போகும், ஆனால் இருட்டு வீட்டில் திணறும். இன்னொன்று நீளமான டெலி. தெருமுனையில் நிற்பவரின் முகத்தையும் இழுத்துக்கொண்டு வரும். மூன்றாவதற்கு அவர் சொன்ன பெயர் ஃபெஸ்ட்பிரென்வைட்டே, நம் ஆட்கள் சொல்லும் பிரைம் லென்ஸ். அதில் ஜூமே கிடையாது. ஆனால் மங்கிய வெளிச்சத்திலும் பளிச்சென்று எடுக்கும், கிட்டே இருக்கும் முகத்தை மட்டும் துலக்கிவிட்டுப் பின்னால் இருப்பதையெல்லாம் கரைத்துவிடும்.

"குழந்தை உங்களிடமிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கும்?" என்று கேட்டார்.

"என் மடியில்தான் இருப்பாள்" என்று தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். கைக்குழந்தை என்று நினைத்து, பிரசவத்துக்கு வாழ்த்துச் சொன்னார். மூன்று வயது என்றதும் சிரித்துவிட்டார். "மூன்று வயதுப் பிள்ளை மடியில் தங்காது, ஓடும். ஜூம் வாங்குங்கள்."

எனக்குச் சுருக்கென்றது. என் பிள்ளை என்னிடம் எப்படி இருப்பாள் என்று சொல்ல இவர் யார்? வீம்புக்கு மூன்றாவதையே எடுத்தேன். "சரி, இதற்கு உங்கள் கால்தான் ஜூம். கிட்டே வேண்டுமென்றால் நீங்கள்தான் நடந்து போக வேண்டும்" என்று சொல்லிக் கட்டிக் கொடுத்தார்.

ரேணிகுண்டா விமான நிலையத்தின் வாசலில் அக்கா நின்றிருந்தாள், இடுப்பில் பெனிட்டா. அக்காவைத்தான் அவள் அம்மா என்பாள். நான் 'போன் அம்மா'. அது தெரிந்ததுதான், அதற்கு மனத்தைத் தயார் செய்துகொண்டுதான் வந்திருந்தேன். கையை நீட்டினேன். அவள் அக்காவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு "வத்து, வத்து" என்று வீறிட்டாள், தெலுங்கில் வேண்டாம் என்று.

"ஏய், உங்கம்மாடி! டெய்லி போன்ல முத்தம் குடுப்பியே, அதே அம்மாதான்" என்றாள் அக்கா. என்னிடம் மெதுவாக, "ரெண்டு நாள்ல பழகிடுவா. நீ மனசுல வச்சிக்கினு இருக்காத" என்றாள்.

இரண்டு நாள் போயிற்று, ஒரு வாரமும் போயிற்று. நான் வாங்கி வந்த சாக்லெட்டை, நான் கூடத்தை விட்டுப் போன பிறகு வந்து எடுத்துக்கொள்வாள். கேமராவோடு ஓரடி வைத்தால் அக்காவின் நைட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். கடைக்காரர் சொன்னபடி கால்தான் ஜூம். ஆனால் எதிரே இருக்கும் கால்களும் நடக்குமே. எட்ட நின்று எடுத்தால் கூடம் முழுக்க விழும்: பிரிட்ஜ், பைபிள் வசனக் காலண்டர், டீச்சர் வேலைக்கு அக்கா கொண்டுபோகும் பை, நடுவில் எங்கேயோ சின்னதாக என் மகள். அந்த நீள லென்ஸை வாங்கியிருக்கலாமே என்று என்னையே நொந்துகொண்டேன். பெற்ற பிள்ளையின் முகத்தை எட்ட நின்று இழுத்துப் பார்க்க ஒரு கருவி வேண்டும் என்று எந்தத் தாய்க்குத் தோன்றும்?

ஒரு சாயங்காலம் தாங்க முடியாமல் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். என்ன நினைத்தேனோ, அக்காவின் போனுக்கு வீடியோ கால் போட்டேன். "போன் அம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து எடுத்தாள். அவள் குரல் முதலில் மாடிப்படி வழியாகக் கேட்டது, பிறகு போனில் கேட்டது. ஆடும் பல்லைக் காட்டுவதுபோல ஆடாத பல்லைக் காட்டினாள். "பூரி துன்னேன்" என்றாள். திரை நனைய முத்தம் கொடுத்தாள். பிறகு, "நீ எப்ப வருவ?" என்றாள்.

"வந்துட்டேன் பெனி. மாடியிலதான் இருக்கேன். கீழ வரட்டா?"

கொஞ்சம் யோசித்தாள். "மாடியில ஆன்ட்டி கீறாங்க" என்றாள்.

அன்று அழுததுபோல நான் அதற்கு முன் அழுததில்லை. கணவர் குவைத்திலிருந்து கூப்பிட்டபோது எடுக்கவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் கேமராவை அக்காவின் கையில் கொடுத்தேன்.

"எனக்கு இதெல்லாம் வராதுடி."

"ஒண்ணும் பண்ண வேணாங்கா. கிட்ட போய் அமுக்கு, அவ்ளோதான்."

நான் வாசல்பக்கம் ஒதுங்கி நின்றேன். அக்கா கூடத்தின் நடுவே மண்டியிட்டு உட்கார்ந்தாள். "என் தங்கமே, இங்க பாரு" என்றாள். வெள்ளைக் கவுனில் பெனிட்டா அவளுக்கு நேராக வந்து நின்று பார்த்தாள்.

நான் கேட்ட படம் கிடைத்துவிட்டது. இமை முடி தெரிகிறது, கன்னத்தில் பவுடர் திட்டு தெரிகிறது, பின்னால் இருந்த வீடெல்லாம் கரைந்துபோயிருக்கிறது. அந்தக் கண்களில் இருக்கும் பிரியத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. அது அக்காவுக்கு உரியது. பொறாமை வரவில்லை என்றால் பொய். ஆனால் இந்தப் பிரியத்துக்குள்தான் என் பிள்ளை வளர்கிறாள் என்று தெரிந்தபோது அக்காவின் காலில் விழலாம்போல இருந்தது.

கிளம்பும்போது கேமராவை அவளிடமே வைத்துவிட்டேன். "இம்மாம் செலவு பண்ணி வாங்கிக்கினு வந்து என்னாண்ட குடுத்துட்டுப் போறியே" என்றாள் அக்கா. "உன்னாண்டதானேக்கா அவ கிட்ட வந்து நிப்பா" என்றேன். அவள்தான் அழுதாள். பெனிட்டா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அக்காவின் கண்ணைத் துடைத்தாள்.

இங்கே வந்து அந்தப் படத்தைப் பெரிதாகப் போட்டு என் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். கூட வேலை பார்க்கும் ஜெர்மன்காரி ஒருத்தி காப்பி குடிக்க வந்தவள், "இவ்வளவு தாழ்வாகவா மாட்டுவார்கள்? நாளைக்கு டிரில் கொண்டுவந்து மேலே ஏற்றித் தருகிறேன்" என்றாள். ஆணி அடிக்கத் தெரியாமல் அங்கே அடித்துவிட்டேன் என்று நினைத்துவிட்டாள். இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேலைக்குக் கிளம்புவதற்கு முன், அன்று பெனிட்டாவுக்கு முன்னால் அக்கா விட்ட அதே இடைவெளியைச் சுவருக்கு முன்னால் விட்டு நான் மண்டியிடுகிறேன். அங்கிருந்து பார்த்தால் பெனிட்டா என்னைத்தான் பார்க்கிறாள்.