அட்டையில் விழாத கொக்கி

அச்சகத்தில் பதினெட்டு வருஷம் மெய்ப்பு பார்த்து எழுத்துப்பிழை திருத்தியவள் அவள். ஒரு நாள் மேசையிலேயே வலிப்பு வந்து சரிந்தாள். மாத்திரை கொடுத்தார்கள். வலிப்பு நின்றது, கூடவே சொற்களும் நின்றன. கத்தரிக்கோல் என்ற சொல் தொண்டைவரை வந்து திரும்பிவிடும். "அந்த... வெட்டுறது" என்பாள். கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்திருக்கும்.

பக்கத்து மேசையில் மெய்ப்பு பார்த்தவருக்குப் புலவர் என்று பட்டப்பெயர். அவள் திணறுவதை அப்படியே நடித்துக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைப்பார். பிறகு முதலாளியிடம் போய், "பாவம் சார், அவங்க மூளை முன்ன மாதிரி இல்ல. பைண்டிங்ல போட்டுடலாம்" என்றார். போட்டுவிட்டார்கள்.

அன்று வீட்டில் கணவன், "மாத்திரை போட்டியா?" என்று கேட்டதற்கு, அவள் எறிந்த சாப்பாட்டு டப்பா சுவரில் போய் மோதியது. அவன் அதைப் பொறுக்கி வைத்துவிட்டு, மறுநாள் அவளை டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான்.

"இந்தக் கோபத்துல பாதி மாத்திரையோடதும்மா. மெதுவா வேற மாத்திரைக்கு மாத்துவோம். நீங்களா எதையும் நிறுத்திடாதீங்க."

இரண்டு மாதத்தில் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. கணவன்மேல் எரிந்து விழுவதும் நின்றது. புலவரை நினைத்தால் மட்டும் கோபம் பழையபடியே மூண்டது. மிச்சப் பாதி தன்னுடையதுதான் என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு நிம்மதி.

புலவர் சொந்தமாக ஒரு புத்தகம் எழுதியிருந்தார்: 'பிழையின்றி எழுதுவோம்.' அட்டை அச்சாகிப் பைண்டிங்குக்கு வந்தது. ஒரே பார்வைதான். 'யி'யின் கொக்கி விழவில்லை. 'பிழையன்றி எழுதுவோம்' என்று கொட்டை எழுத்தில் நின்றது.

அவள் வாயைத் திறக்கவில்லை. ஐந்நூறு பிரதிக்கும் அட்டையைத் தன் கையாலேயே ஒட்டினாள், ஒரு சுருக்கம் இல்லாமல்.

வெளியீட்டு விழாவில் தலைமை தாங்கியவர் கண்ணாடியைச் சரிசெய்து தலைப்பை உரக்கப் படித்தார். நிறுத்தி மறுபடி படித்தார். முன்வரிசை சிரிப்பில் குலுங்கியது. புலவரின் முகம் செத்துப்போனது.

மறுநாள் அவர் நேரே பைண்டிங்குக்கு வந்தார்.

"நீ பாக்கலையா?"

"பாத்தேன்."

"பாத்துட்டா சும்மா இருந்த?"

"எனக்குத்தான் மூளை முன்ன மாதிரி இல்லையே, புலவரே."

புதிய அட்டையின் மெய்ப்பை முதலாளி அவளிடமே பார்க்கக் கொடுத்தார். பழைய மேசையில் உட்கார்ந்து அவள் எழுத்து எழுத்தாகப் பார்த்தாள். புலவர் எதிரிலேயே நின்று காத்திருந்தார். அவள் அவசரப்படவில்லை.