கோட்டை வாசல் கிழவர்

மூன்று வாரங்களுக்கு முன் இதே பக்கத்தில் ஒரு சரித்திரப் படத்தைக் கிழித்திருந்தேன். நினைவிருக்கிறதா? வந்த கடிதங்களில் பாதி திட்டு. 'காஞ்சிபுரத்தில் குடியிருந்துகொண்டு பல்லவ ராஜா படத்தைக் குறை சொல்ல உமக்கு எப்படி ஐயா மனசு வந்தது?' மீதிப் பாதி பாராட்டு. பாராட்டியவர்கள் எல்லாருமே ஒரே ஒரு இடத்தைத்தான் எடுத்துச் சொல்லி, விழுந்து விழுந்து சிரித்ததாக எழுதியிருந்தார்கள்.

இந்த வாரம் சிரிக்க வைக்கிற உத்தேசம் இல்லை. மன்னிக்கவும்.

படம் மூன்றே முக்கால் மணி நேரம். காவியம் என்று எழுதாத பத்திரிகை இல்லை. நானும் ஆசையாகத்தான் முதல் நாள் மேட்னிக்கே போய் உட்கார்ந்தேன். ராஜா பேசினார்... பேசிக்கொண்டே இருந்தார். பல்லவர் கட்டிய அசல் கோயில் ஊருக்குள் சும்மா நிற்க, திரையில் அட்டைக் கோபுரம் காற்றுக்கு ஆடியது. ராணி கட்டியிருந்த பட்டு எந்தத் தெருத் தறியில் நெய்தது என்று பக்கத்து சீட்டுக்காரர் சொன்னார். அது ஒன்றுதான் அன்றைக்குக் கிடைத்த சுவாரசியம்.

இன்டர்வெல்லுக்குப் பிறகு கோட்டை வாசலில் ஒரு கிழட்டு விவசாயி. ஒரே மகனைப் படைக்குப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று அழ ஆரம்பித்தார். நான் எழுந்துவிட்டேன். பிறகு இப்படி எழுதினேன்: 'டீ சூடாக இருந்ததால் மெதுவாகத்தான் குடித்தேன். திரும்பி வந்தால் கிழவர் இன்னும் அழுதுகொண்டிருக்கிறார். அவரை வெட்டினாலே பாதித் தலைவலி போய்விடும்.'

எல்லாரும் சிரித்த இடம் இதுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தியேட்டர் பக்கம் போனபோது மேனேஜர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார். பழகினவர். முகமெல்லாம் சிரிப்பு.

"சார், படத்தை வெட்டிட்டாங்க. உங்க பக்கத்தை டேபிள் மேல வெச்சிக்கினுதான் கம்பெனி ஆளுங்க பேசினாங்க. மொதல்ல கைவெச்சதே கிழவர் மேலதான்."

பொய் சொல்வானேன்? பெருமையாக இருந்தது. இத்தனை வருஷம் எழுதி, ஊரில் ஒரு தெருவிளக்கு எரிந்ததில்லை. ஒரு காவியத்தையே குறைத்துவிட்டேன் என்றால் சும்மாவா?

மேட்னி விட்டு ஜனங்கள் போய்க்கொண்டிருந்தார்கள். மேனேஜர் அறை வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு துணிப்பை.

"படம் அவ்ளோதானாங்க? இன்னும் எதுனா மீதி இருக்குதா?"

"முடிஞ்சிபோச்சேம்மா," என்றார் மேனேஜர்.

"எங்க நைனா வரவேயில்லியே..."

எங்களுக்குப் புரியவில்லை. நின்றபடியே சொன்னாள். மாகறல் பக்கம் ஒரு கிராமம். அவள் அப்பா கூத்தில் வேஷம் கட்டுகிறவர். சினிமாக்காரர்கள் வந்து அழைத்துக்கொண்டு போய், கோட்டை வாசலில் நின்று அழுகிற விவசாயியாக நடிக்க வைத்திருக்கிறார்கள். படம் இங்கே வந்த மறுநாள் அவர் தவறிப்போனார்.

"கருமாதி முடியாம சினிமாவுக்கு எப்படிங்க வர்றது? நேத்துதான் முடிஞ்சிது. நைனாவுக்கு ஒரு போட்டோகூட இல்லீங்க. அம்மா இப்ப வெளிய வர முடியாது. நான் போய்ப் பார்த்துட்டு வந்து எல்லாம் சொல்றேன்னு சொல்லிட்டு வந்தேன். வழியப் பார்த்துக்கினு குந்தியிருக்கும்."

"வெட்டின துண்டு இங்கே இல்லையா?" என்றேன் மேனேஜரிடம்.

"கையோட எடுத்துக்கினு போயிட்டாங்க சார்." அவர் குரல் இறங்கிவிட்டது. என்ன தோன்றியதோ, அவளிடம், "சார் மொத நாளே பார்த்தாரும்மா. அவரைக் கேளு," என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். "நைனா இன்னா பேசினாருங்க? அப்படியே சொல்லுங்க. அம்மாகிட்ட சொல்லணும்."

நான் பார்த்தது அவர் வாயைத் திறந்தது மட்டும். மீதி நேரம் டீக்கடையில் இருந்தேன். அதைச் சொல்லியிருக்க வேண்டும்... தைரியம் வரவில்லை. எழுதுகிறவன் அல்லவா, வசனம் தானாக வந்தது.

"'ராஜா, உன் கோட்டைக்கு ஆயிரம் பேர் காவல். என் வீட்டுக்கு அவன் ஒருத்தன்தான்' அப்படின்னு கேட்டாரும்மா. தியேட்டர்ல அழாதவங்க இல்லை."

அவள் அதை வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கும்பிட்டாள். எனக்கு உடம்பே கூசியது. வாசல் வரை போனவள் நின்றாள்.

"அவ்ளோ நல்லா இருந்துச்சின்னா, அதை ஏங்க வெட்டினாங்க?"

மேனேஜர் மேஜை டிராயரைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார்.

"படம் கொஞ்சம் நீளம்மா," என்றேன்.